நாலாம் அறையில் இருட்டு

பதிவுப் புத்தகத்தில் ஹடாஸ் என்று எழுதினாள்.
நாடு என்ற கட்டத்தைப் பார்த்து
லாபிர் காக்கா பேனையை மூடினார், பிறகு திறந்தார்.
சீசன் தொடங்கவில்லை. நோன்பு மாதம்.
உல்லையில் எங்கள் ஆறு அறையும் சும்மா கிடந்தன.
சந்தியில் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர்
அவளைப் போன்றவர்களுக்காக வெயிலில் நின்றார்கள்.
நீ படையில் இருந்தாயா என்று நான் கேட்கவில்லை.
கேட்காதது தொண்டையில் முள்ளாகவே கிடந்தது
அவள் போகும்வரைக்கும்.

செதிள் இல்லாத மீன் வேண்டாம் என்றாள்.
இறால் வேண்டாம், கணவாய் வேண்டாம்.
இறைச்சி ஹலால்தான் என்றேன்.
அது உங்களுடைய கத்தி என்று சிரித்தாள்.
தன் சட்டியைத் தானே கொண்டுவந்திருந்தாள்,
என் குசினியில் ஒரு மூலை கேட்டாள்.
எருமைத் தயிரை மட்டும்
முட்டியில் விரல்விட்டு வழித்துத் தின்றாள்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே விரல் மடித்து எண்ணினோம்.
அவளுக்கும் ஒரு பத்தாம் நாள் நோன்பு,
எங்களுக்கு ஆசூறா.
மதீனாவில் அடுத்தடுத்து இருந்த வீடுகள் பற்றி
மதறசாவில் படித்தது ஞாபகம் வந்தது.
மற்றதும் ஞாபகம் வந்தது.
அதைச் சொல்லவில்லை.

நாளைக்கு ஷபாத் என்றாள்.
லாபிர் காக்காவுக்குச் சப்பாத்து என்று கேட்டது,
வாசல்படியைக் கை காட்டினார்.

வாரமெல்லாம் அரைக்கால்சட்டையோடு
அலைப்பலகையைச் சுமந்து திரிந்தவள்
வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன்
பாவாடை கட்டி
சோடாப் போத்தல் மூடியில் இரண்டு மெழுகுதிரி ஏற்றினாள்.
கொஞ்ச நேரத்தில் பள்ளியில் பாங்கு.
ஒரே பொழுது விழுந்தது.
அவளுக்கு அது தொடக்கம், முற்றத்தில் கஞ்சிக் கோப்பைகளுக்கு முடிவு.

எனக்கு இரண்டுமில்லை.
மாதத்தின் அந்த ஐந்து நாட்கள், நோன்பு எனக்கு விலக்கு.
விலக்கு என்று கிதாபில் இருக்கிறது.
ஆனாலும் தேத்தண்ணியை
குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்றுதான் குடிப்பேன்,
கரண்டி கோப்பையில் படாமல்.

சனிக்கிழமை, லுஹருக்கு முந்தி, மழை இருட்டு.
குசினி வாசலில் வந்து நின்றாள்.
கோப்பை என் உதட்டில் இருந்தது. கண்டாள்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி,
யாருக்கோ சொல்வதுபோல,
நாலாம் அறையில் நல்ல இருட்டு என்றாள்.
போய்விட்டாள்.

ஒரு சுவிச்சை அமத்தவும் சோம்பலா என்றார் லாபிர் காக்கா.
நான் தும்புத்தடியோடு போய்
லைட்டைப் போட்டு, இல்லாத மண்ணைக் கூட்டி,
அணைக்காமல் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விளங்கப்படுத்தினாள்.
போடு என்று அவள் கேட்கக்கூடாதாம்.
அவளுக்காக நான் போடவும் கூடாதாம்.
எனக்காக நான் போட்டால்
அந்த வெளிச்சத்தில் அவள் இருக்கலாமாம்.
எனக்காகத்தான் போட்டேன் என்றேன்.
பாதி பொய். எந்தப் பாதி என்று எனக்கே தெரியவில்லை.

கேட்டேன்: இங்கே யார் உன்னைப் பார்க்கிறார்கள்?
உன் ஆக்கள் இல்லை, உன் தெரு இல்லை.
போட்டால் யாருக்குத் தெரியும்?
அதனால்தான் என்றாள்.
வீட்டில் இருக்கும்போது, சொல்கிறார்களே என்று
சனிக்கிழமைகளில் ஒளித்துச் சிகரெட் குடித்தவளாம்.
யாரும் பார்க்காத இடத்துக்கு வந்துதான்
கடைப்பிடிக்கப் பழகினாளாம்.

எனக்கு ஊர் முழுக்கக் கண்.
தெருவில் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் சீலை தொங்குகிறது,
உள்ளே இருப்பவர்களின் கால் மட்டும் தெரியும்.
அந்தக் கால்களை எல்லாருக்கும் தெரியும்.

அவள் கண்டிக்குப் பஸ் ஏறிய அன்று
எனக்கு ஐந்தாம் நாள்.
தேத்தண்ணியை ஊற்றி
ஜன்னலோரம் கதிரை போட்டு இருந்தேன்.
சீனி போட்டுக் கலக்கினேன், கரண்டி நன்றாகவே சத்தம் போட்டது.
லாபிர் காக்கா கண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வந்து ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

எனக்காகவா, தனக்காகவா மூடினார்?

நான் திறக்கவில்லை.
எழும்பவுமில்லை.
கோப்பை இன்னும் சூடாக இருந்தது.